பட்ஜெட்டில் கோடி கோடியாய், கவுண்டரில் பத்து நாள் மாத்திரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை அரசு மருத்துவமனைகளின் கணக்குப் பிரிவில் முப்பது வருடம் பில் எழுதியவன் நான். ஓய்வு பெற்று வியாசர்பாடியில் இருக்கிறேன். கணக்கு தெரிந்தவன் என்று பெயர் வாங்கிவிட்டதால் டீக்கடை, ரேஷன் கடை, பேரன் பள்ளி வாசல் என எங்கே நின்றாலும் யாராவது ஒரு சந்தேகத்தோடு வருகிறார்கள். பெரும்பாலும் அதே பத்துப் பதினைந்து கேள்விகள்தான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே எழுதிவைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன். வேறு ஆண்டு குறிப்பிடாத இடங்களில் எண்கள் 2025-26 பட்ஜெட்டினுடையவை.

1. அரசு ஆஸ்பத்திரிக்குப் பணம் எங்கேருந்து சார் வருது? டெல்லியா, கோட்டையா?

பெரும்பகுதி கோட்டையிலிருந்து. பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசியலமைப்பில் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. அதனால் டாக்டர் சம்பளம், மாத்திரை, கட்டடம், கரண்ட் பில் எல்லாவற்றுக்கும் முதல் பொறுப்பு மாநில அரசு. டெல்லியின் பங்கு பற்றி 10-வது கேள்வியில் சொல்கிறேன்.

நிதியமைச்சர் படிக்கும் உரை வெறும் தலைப்புச் செய்தி. உண்மையான கணக்கு மானியக் கோரிக்கைகளில், அதாவது ஒவ்வொரு துறையும் சட்டமன்றத்தில் பணம் கேட்கும் புத்தகங்களில் இருக்கிறது. மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு எண் 19. அதற்குள் 2210 என்று தொடங்கும் கணக்குத் தலைப்பு அன்றாடச் செலவு, 4210 என்று தொடங்குவது கட்டடம் போன்ற மூலதனச் செலவு. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வையுங்கள். பின்னால் வரும் பாதிப் பிரச்சினைக்கு இவைதான் காரணம்.

2. இருபத்தோராயிரம் கோடின்னு டிவியில சொன்னாங்களே, அது பெரிய தொகையா, சின்னதா?

2025 மார்ச் 14 அன்று படித்த பட்ஜெட்டில் 21,906 கோடி ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டு 20,198 கோடி, அதற்கும் முந்தைய ஆண்டு 18,661 கோடி. ஆண்டுக்கு எட்டு சதவீதம் சுமாராக ஏறுகிறது. அகவிலைப்படி, மருந்து விலை, புது மருத்துவமனைகளின் கரண்ட் பில் எல்லாம் சேர்ந்து அந்த ஏற்றத்தில் பெரும்பகுதியைச் சாப்பிட்டுவிடும்.

மாநிலத்தின் மொத்தச் செலவு ஏறத்தாழ 4.39 லட்சம் கோடி. அதில் நூற்றுக்கு ஐந்து ரூபாய் இந்தத் துறைக்கு. மாநிலங்கள் எட்டு சதவீதத்துக்கு மேல் ஒதுக்க வேண்டும் என்று 2017-இன் தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னது. ஆளுக்கு என்று வகுத்தால் ஆண்டுக்கு மூவாயிரம் ரூபாய்க்குள், மாதத்துக்கு இருநூற்றைம்பதுக்குள்தான் வரும். அந்தக் காசுக்குள்தான் தடுப்பூசி, பிரசவம், டயாலிசிஸ், 108 ஆம்புலன்ஸ், மருத்துவக் கல்லூரி எல்லாம். அப்படிப் பார்த்தால் நம்மூர் ஆஸ்பத்திரிகள் கொடுத்த காசுக்கு மேலேயே வேலை செய்கின்றன என்பது என் எண்ணம். ஆனால் கொடுத்த காசு போதாது.

3. டாஸ்மாக்ல அவ்ளோ வருமானம் வருதே, அதை அப்படியே ஆஸ்பத்திரிக்குக் குடுத்தா என்ன?

டீக்கடையில் தினமும் வரும் கேள்வி. 2024-25-இல் டாஸ்மாக் வழியாக வந்த ஆயத்தீர்வையும் வாட் வரியும் சேர்த்து 48,344 கோடி. அதே ஆண்டு மருத்துவத் துறைக்கு ஒதுக்கியதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். கேட்பவருக்கு வயிறு எரிவது நியாயம்தான்.

ஆனால் அரசுக் கஜானாவில் தனித்தனி டப்பா கிடையாது. எந்த வரி வந்தாலும் தொகுப்பு நிதி என்ற ஒரே அண்டாவில் விழுகிறது. சம்பளம், ஓய்வூதியம், மானியம் எல்லாம் அதிலிருந்துதான். பழைய கடனுக்கு வட்டி மட்டுமே ஆண்டுக்கு எழுபதாயிரம் கோடியைத் தொடுகிறது, அதாவது மருத்துவத்துக்குப் போவதைப்போல மூன்று மடங்கு. இவையெல்லாம் போன பிறகு மிஞ்சுவதில்தான் துறைகள் அடித்துக்கொள்கின்றன.

4. பணம் இருக்குன்றாங்க. அப்புறம் ஏன் 'இந்த மாத்திரை இல்லை, வெளியில வாங்கிக்கோங்க'ன்றாங்க?

தமிழ்நாட்டில் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தனித்தனியாக மருந்து வாங்குவதில்லை. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, தரம் சோதித்து, கிடங்கில் வைத்துக் கொடுக்கிறது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போன ஏற்பாடு இது. ஆஸ்பத்திரிக்குப் பணமாக வராது, பாஸ்புக்காக வரும். உங்கள் பேங்க் பாஸ்புக் மாதிரியே. ஆண்டுக்கு இவ்வளவு என்று வரவு வைப்பார்கள். கிடங்கிலிருந்து மருந்து எடுக்க எடுக்கக் கழியும். அவசரத்துக்கு வெளியில் வாங்க ஒரு சிறு பங்கு மட்டும் கையில் இருக்கும், அதுதான் லோக்கல் பர்ச்சேஸ்.

'இல்லை' என்பது மூன்று விதம். பாஸ்புக்கில் இருப்பு தீர்ந்திருக்கலாம். இருப்பு இருந்தும் கிடங்கில் சரக்கு இல்லாமல் இருக்கலாம், டெண்டர் தாமதம் அல்லது சாம்பிள் தரச் சோதனையில் நிற்கிறது. மூன்றாவது, டாக்டர் எழுதியது கழகத்தின் பட்டியலிலேயே இல்லாத மருந்து. முதலாவது பட்ஜெட் பிரச்சினை, இரண்டாவது நிர்வாகப் பிரச்சினை. மூன்றாவதற்கு டாக்டரிடமே 'இங்கே கிடைக்கிற மாதிரி மாற்றி எழுத முடியுமா' என்று கேளுங்கள். பல நேரம் எழுதித் தருவார்.

நான் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் பிப்ரவரி மாதம் வந்தாலே ஃபார்மஸி கவுண்டரில் கத்தரிக்கோல் வந்துவிடும். முப்பது நாள் சர்க்கரை மாத்திரையைக் கத்தரித்துப் பத்து நாளாகக் கொடுப்பார்கள். பாஸ்புக் ஏப்ரல் வரை தாங்க வேண்டுமே. யாரும் 'இல்லை' என்று சொல்லவில்லை, ஆகவே ரெக்கார்டில் தட்டுப்பாடே கிடையாது. ஆனால் எண்ணூரிலிருந்து வரும் கிழவி மாதம் ஒரு முறைக்குப் பதில் மூன்று முறை பஸ் ஏறி, மூன்று நாள் கூலியை விட்டார். நோயாளி பாக்கெட்டுக்குச் செலவு மாறுவது இப்படித்தான்.

5. இவ்ளோ பெரிய பில்டிங் கட்டிட்டாங்க. உள்ளே போனா டாக்டரும் நர்ஸும் இல்லையே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

கட்டடம் 4210, ஒரு தடவைச் செலவு. திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. மனசு வைத்தால் வேகமாகவும் முடியும். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்து ஆயிரம் படுக்கை மருத்துவமனைக்கு 2022 மார்ச்சில் அடிக்கல், 2023 ஜூன் 15-இல் திறப்பு, பதினைந்தே மாதம். ஆனால் ஆள் 2210. ஒரு நர்ஸைப் போட்டால் முப்பது வருடம் சம்பளம், அப்புறம் ஓய்வூதியம். ஆகவே புதுப் பணியிடம் கேட்டுப் போகும் ஃபைலை நிதித்துறை பத்துக் கேள்வி கேட்டுத் திருப்பும். பணியிடம் உருவாக்க ஒரு ஜி.ஓ., நிரப்ப மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், நடுவில் ஒரு கோர்ட் கேஸ்.

பட்ஜெட்டைக் குறைத்தோம் என்று எந்த அரசும் உரையில் படிக்காது, எந்தக் கட்சியானாலும் சரி. ஆனால் ஓய்வு பெற்றவரின் நாற்காலியை ஆறு மாதம் காலியாக விட்டால் ஆறு மாதச் சம்பளம் மிச்சம். அது வெட்டுதான், அறிவிக்காத வெட்டு. பேப்பரில் பணியிடம் இருக்கும், ஒதுக்கீடும் இருக்கும், வார்டில் ஆள் இருக்காது. நாற்பது படுக்கைக்கு ராத்திரியில் ஒரே நர்ஸ் நிற்கும் வார்டுகளை நானே பார்த்திருக்கிறேன். நோயாளியின் சொந்தக்காரர்தான் டிரிப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாட்டில் தீரும்போது அவர் ஓடிப்போய்ச் சொன்னால் உண்டு.

இன்னொரு வழி தொகுப்பூதியம், அதாவது நிரந்தர வேலை இல்லாமல் மாதம் ஒரே மொத்தத் தொகை. 2015 முதல் வாரியத் தேர்வு எழுதித் தேறிய செவிலியர்களையே ஒப்பந்தத்தில் எடுத்தார்கள், தொடக்கத்தில் மாதம் 7,700 ரூபாய். கொரோனா காலத்தில் எடுத்த சுமார் 2,300 பேரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் கடைசியோடு முடிந்தபோது சென்னையில் நடந்த போராட்டம் ஞாபகம் இருக்கும். வேலை நிரந்தரமில்லாதவர் வேறு இடம் கிடைத்ததும் போய்விடுவார். அந்த இடம் மறுபடி காலி.

6. எங்க ஆஸ்பத்திரியில ஸ்கேன் மெஷின் அட்டைப் பெட்டியோட அப்படியே கிடக்குது. வாங்கத் தெரியுது, ஓட்டத் தெரியலையா?

எல்லாம் மார்ச் மாத மகிமை. ஒதுக்கிய பணத்தை மார்ச் 31-க்குள் செலவழிக்காவிட்டால் சரண்டர் செய்ய வேண்டும், அதாவது அரசுக்கே திருப்பிவிட வேண்டும். சரண்டர் செய்தால் அடுத்த வருடம் 'போன தடவையே செலவு பண்ணலையே' என்று குறைப்பார்கள். அதனால் கடைசி இரண்டு வாரம் கணக்குப் பிரிவில் தூக்கமே கிடையாது. பே அண்ட் அக்கவுண்ட்ஸ் ஆபீஸ் வாசலில் பில் கட்டோடு வரிசை கட்டி நிற்போம்.

அப்படி ஒரு மார்ச்சில் வந்த ஒரு மெஷின் எட்டு மாதம் தாழ்வாரத்தில் கிடந்தது. த்ரீ ஃபேஸ் லைன் போடுவது பொதுப்பணித் துறையின் மின் பிரிவு, அதற்கு வேறு எஸ்டிமேட். ஓட்டுவதற்கு ரேடியோகிராஃபர், அது 5-வது பதிலில் சொன்ன கதை. மெஷின், லைன், ஆள் என மூன்றும் மூன்று ஃபைல். ஒன்றுக்கொன்று தெரியாது.

7. தெருமுனை சின்ன ஆஸ்பத்திரி கவர்ன்மென்ட்டா, கார்ப்பரேஷனா? யாருகிட்ட சண்டை போடுறது?

சென்னைக்கே உரிய குழப்பம். ராஜீவ் காந்தி பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, ஓமந்தூரார் எல்லாம் மாநில அரசு. தெருமுனையில் இருக்கும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் பெருநகர சென்னை மாநகராட்சி. இப்படி நகரம் முழுக்க 140, அதற்கு மேல் 16 சமுதாய நல மருத்துவமனைகள். இவற்றுக்கு மாநகராட்சி பட்ஜெட், தேசிய சுகாதார இயக்கம் இரண்டிலிருந்தும் பணம் வருகிறது. இங்கே குறை என்றால் கவுன்சிலரைப் பிடியுங்கள். எம்.எல்.ஏ.வைப் பிடித்தால் அவரும் மாநகராட்சிக்குத்தான் லெட்டர் எழுதுவார்.

மூன்றாவது வகை நகர்ப்புற நலவாழ்வு மையங்கள். 2023 ஜூனில் மாநிலம் முழுக்க ஒரே நாளில் 500 திறந்தார்கள். மத்திய அரசு தரும் பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் வந்தவை. அந்த மானியத்தின் காலம் 2021 முதல் 2026 வரை. இப்படிக் காலவரை போட்ட பணத்தில் தொடங்கும் எதையும் பார்த்து நான் கேட்கும் முதல் கேள்வி, 'மானியம் முடிந்த பிறகு டாக்டர் சம்பளம் எந்தத் தலைப்பில்?' என்பதுதான். அதிகாரிகளுக்கு இது பிடிக்காது. கேட்டுவிடுவது நல்லது.

கீழே டாக்டர் இல்லாவிட்டால் சாதாரண காய்ச்சல்காரரும் ஜி.ஹெச். போய் நிற்பார். அங்கே ஓ.பி. வரிசை நீள்வதற்கு இங்கே காலியாக இருக்கும் ஒரு நாற்காலி காரணம்.

8. காப்பீட்டு அட்டை இருக்கு. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஃப்ரீதானே?

இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு பட்டியல். பட்டியலில் உள்ள சிகிச்சை, பட்டியலில் உள்ள மருத்துவமனை, இரண்டும் பொருந்த வேண்டும். 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி 2012-இல் இந்தப் பெயருக்கு மாறியது, 2018-இல் மத்திய அரசுத் திட்டத்தோடு இணைந்தது. குடும்ப ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஆண்டுக்கு 5 லட்சம் வரை. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸ் போங்கள். சந்தேகத்துக்கு 1800 425 3993.

தினசரி பிரஷர் மாத்திரைக்கும் ஓ.பி. செலவுக்கும் அட்டை உதவாது. இதைத்தான் அதிகம் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். விபத்து என்றால் கதை வேறு. 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரத்துக்கு அட்டையே தேவையில்லை.

9. ஜி.ஹெச்.லதான் எல்லாம் இலவசமாச்சே, அங்கே ஏன் அட்டையைக் கேக்கறாங்க? ஏதாவது ஏமாத்தறாங்களா?

ஏமாற்றவில்லை. தாராளமாகக் கொடுங்கள். உங்கள் அறுவைச் சிகிச்சைக்குக் காப்பீட்டு நிறுவனம் அந்த அரசு மருத்துவமனைக்கே பணம் தரும். கருவி வாங்கவும், உள்ளே சில்லறைத் தேவைகளுக்கும், ஊழியர் ஊக்கத்தொகைக்கும் அது பயன்படும். கோட்டை அலாட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் ஒரு டீன் செலவழிக்கக்கூடிய அபூர்வமான காசு அது. எம்.ஆர்.ஐ. போன்ற கட்டண ஸ்கேன்களுக்கும் அட்டை கைகொடுக்கும்.

இதே கேள்வியைக் கொஞ்சம் படித்தவர்கள் வேறு விதமாகக் கேட்பார்கள்: காப்பீட்டு நிறுவனத்துக்கு அரசு கட்டும் பிரீமியப் பணத்தை நேரே ஆஸ்பத்திரிக்கே கொடுத்தால் என்ன? என் அபிப்பிராயம், இதயம், கிட்னி போன்ற பெரிய செலவுக்குக் காப்பீடு ஏழைக்குத் தெம்பு, அதை எடுக்கக் கூடாது. ஆனால் பிரீமியம் ஏறும்போதெல்லாம் எங்கேயோ ஒரு நர்ஸ் பணியிடம் தள்ளிப்போகிறதா என்று பார்க்க வேண்டும். பிரீமியம் கட்டாமல் இருக்க முடியாது. பணியிடத்தை நிரப்பாமல் இருக்க முடியும்.

10. சென்ட்ரல்லேருந்து காசு வரலைன்னு இவங்க சொல்றாங்க, குடுத்தாச்சுன்னு அவங்க சொல்றாங்க. எதை நம்புறது?

தேசிய சுகாதார இயக்கத்தில் மத்திய அரசுக்கு 60 பங்கு, மாநிலத்துக்கு 40. டெல்லியின் தவணை வரவும், மாநிலம் தன் பங்கோடு சேர்த்து விடவும் மாதங்கள் ஆகலாம். 'கொடுத்தாச்சு' என்பது அனுமதித்த தொகை, 'வரலை' என்பது வங்கிக்கு வந்த தொகை. இரண்டு பேருமே உண்மை பேசிக்கொண்டு சண்டை போடலாம். நடுவில் ஒப்பந்த ஊழியருக்குச் சம்பளம் தள்ளிப்போகும்.

மதுரை எய்ம்ஸ் முழுக்க மத்திய அரசுத் திட்டம். 2015-இல் அறிவிப்பு, 2019 ஜனவரியில் அடிக்கல், கட்டுமான வேலை 2024-இல். 5-வது பதிலில் சொன்ன பதினைந்து மாதத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

11. வீட்டுக்கே மாத்திரை கொண்டுவர்ற அக்கா ரெண்டு மாசமா வரலை. திட்டத்தை நிறுத்திட்டாங்களா?

ஒருவர் வராததால் திட்டம் நின்றதாக அர்த்தமில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. வீட்டுக்கு வரும் அக்கா பெரும்பாலும் மகளிர் குழுவிலிருந்து வந்த தன்னார்வலர், அவருக்குக் கிடைப்பது சம்பளமல்ல, ஊக்கத்தொகை. அவர் விலகியிருந்தால் 5-வது பதில், மாத்திரை வரவில்லை என்றால் 4-வது பதில். சர்க்கரை, பிரஷர் மாத்திரையை நடுவில் விடவே கூடாது. பழைய சீட்டோடு உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

12. மருமகளுக்குப் பிரசவ உதவி 18,000 வரணும். பட்ஜெட்ல பணம் இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டம்: 14,000 ரொக்கம், 4,000 மதிப்புள்ள ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். தவணை தவணையாக வரும். நான் பார்த்தவரை பாதிக்கு மேல் நின்றது பிக்மி எனும் கர்ப்பிணிகள் பதிவிலும் ஆதார்–வங்கிக் கணக்குப் பெயர் பொருந்தாததிலும்தான். முதலில் அதைச் சரிபாருங்கள்.

13. எலெக்ஷன் வருஷம்னா ஆஸ்பத்திரிக்குப் பணம் நின்னுடுமா?

நிற்காது. தேர்தலுக்கு முன் இடைக்கால பட்ஜெட், சில மாதச் செலவுக்கு முன்பணம், அப்புறம் புது அரசின் முழு பட்ஜெட். 2021-இல் பிப்ரவரி 23-இல் ஒன்று, ஆகஸ்ட் 13-இல் ஒன்று. நடுவில் சம்பளமும் மருந்தும் ஓடும். புதுப் பணியிடம், புது வார்டு, புது மெஷின் காத்திருக்கும்.

14. குறைச்சுட்டாங்களா, ஏத்திட்டாங்களான்னு நாமளே எப்படிக் கண்டுபிடிக்கறது?

பட்ஜெட் புத்தகத்தில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே பத்திகள் உண்டு. நடக்கப் போகும் ஆண்டின் மதிப்பீடு, நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு, முடிந்த ஆண்டின் உண்மைக் கணக்கு. டிவியில் சொல்வது முதலாவது. நீங்கள் பார்க்க வேண்டியது கடைசி. நூறு என்று சொல்லித் தொடங்கி, எண்பத்தெட்டில் கணக்கு முடிந்திருந்தால் பன்னிரண்டு எங்கே என்று கேட்கலாம். பெரும்பாலும் காலிப் பணியிடச் சம்பளமாக இருக்கும், அல்லது தொடங்காத கட்டடமாக.

தொகை குறைந்தாலே வெட்டு என்றும் முடிவு கட்டாதீர்கள். 2021-22-இல் 18,933 கோடி, அடுத்த ஆண்டு 17,901 கோடி. முதலாவது கொரோனா ஆண்டு. ஆக்சிஜன், தற்காலிக வார்டு, கூடுதல் ஆள் எல்லாம் அதில் இருந்தன. அந்தச் செலவு போனதில் தப்பில்லை. அந்தச் செலவில் வந்த ஆட்களையும் அனுப்பியதில்தான் எனக்கு வருத்தம்.

15. இதெல்லாம் தெரிஞ்சு நாங்க என்ன பண்றது? எங்க பேச்சை யாரு கேப்பா?

'மருந்து இல்லை, டாக்டர் இல்லை' என்று மனு போட்டால் 'நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது' என்று ஒரு வரி வரும். எண்ணைக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த மருத்துவமனையின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

கேட்க வேண்டியவை: செவிலியர், மருந்தாளுநர், ரேடியோகிராஃபர் என ஒவ்வொன்றிலும் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, இன்றைய தேதியில் நிரம்பியது எத்தனை, காலியானது எந்தத் தேதி முதல். மருந்துப் பாஸ்புக்கில் ஆண்டு ஒதுக்கீடு எவ்வளவு, டிசம்பர் 31-இல் இருப்பு எவ்வளவு. கடந்த மார்ச்சில் சரண்டர் செய்த தொகை எவ்வளவு, எந்தக் கணக்குத் தலைப்பில். 'ஏன்' என்று எழுதாதீர்கள், அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். எண்ணும் தேதியும் மட்டும் கேளுங்கள்.

பதில் வந்ததும் மாநகராட்சி என்றால் கவுன்சிலர், மாநில அரசு என்றால் எம்.எல்.ஏ. மானியக் கோரிக்கை எண் 19 சட்டமன்றத்தில் விவாதத்துக்கு வரும் முன் அவர் கையில் இருந்தால் நல்லது. ஒரு ஜெராக்ஸ் எனக்கும் எடுத்து வையுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் டீக்கடையில்தான் இருப்பேன்.